ரொசெட்டா பயணத் திட்டம்: வகுப்பில் செய்துகாட்ட ஒரு வழி வேண்டும்

வணக்கம் நண்பர்களே. எங்கள் அறிவியல் மன்றப் பிள்ளைகளோடு, ஒரு வால்நட்சத்திரத்துக்கு விண்கலம் அனுப்பும் திட்டத்தைத் தாளில் போட்டுப் பார்க்கிறோம். மாதிரிக்கு எடுத்தது ஐரோப்பாவின் ரொசெட்டா.

முதலில் அது போகவேண்டியது விர்ட்டனென் வால்நட்சத்திரத்துக்கு. 2002 டிசம்பரில் ஓர் ஏரியன் 5 ராக்கெட் தோற்றதால் ஏவுதல் தள்ளிப்போய், இலக்கு 67பி சுர்யுமோவ்–கெராசிமென்கோவாக மாறியது. இதைப் பிள்ளைகள் சட்டெனப் பிடித்துக்கொண்டார்கள்.

சிக்கல் அடுத்ததில்தான். 2004 மார்ச்சில் கிளம்பிய கலம் பூமியை மூன்று முறை, செவ்வாயை ஒரு முறை நெருங்கிக் கடந்து, பாதையையும் வேகத்தையும் மாற்றிக்கொண்டு 2014 ஆகஸ்டில் போய்ச் சேர்ந்தது. “கிட்டே வரும்போது இழுக்கிற பூமி, விலகும்போதும் அதே அளவு பின்னால் இழுக்குமே சார், அப்புறம் எப்படி வேகம் கூடும்?” என்று ஒரு மாணவி கேட்டாள். எவ்வளவு நல்ல கேள்வி! பூமியே சூரியனைச் சுற்றி ஓடுகிறது, அந்த ஓட்டத்தில் கொஞ்சம் கலத்துக்குக் கிடைக்கிறது என்று சொல்லி, கரும்பலகையில் அம்புக்குறிகளும் போட்டேன். அவள் முகம் தெளியவில்லை.

நகரும் வண்டியில் காந்தத்தை வைத்து, பக்கத்தில் இரும்புக் குண்டை உருட்டிக் காட்டலாமா என்று யோசிக்கிறேன். குண்டு காந்தத்தில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க என்ன செய்வது? வகுப்பில் செய்துபார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை அடுத்த கூட்டம்.