ஸ்டீராய்டை நிறுத்திவிட்டு வைட்டமின் டி கொடுக்கலாமா?

பெரம்பூர் குமரன்: அம்மாவுக்கு முடக்குவாதம். டாக்டர் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை எழுதியிருக்கிறார், இரண்டு மாதமாகச் சாப்பிடுகிறார். எனக்கு இதில் துளியும் சம்மதமில்லை. 2021-ல் கருப்புப் பூஞ்சை யாருக்கு வந்தது? பெரும்பாலும் சர்க்கரை இருந்து, ஸ்டீராய்டும் எடுத்தவர்களுக்கு. இதை நிறுத்திவிட்டு வாரம் ஒரு 60,000 யூனிட் வைட்டமின் டி கொடுத்தால் எதிர்ப்புச் சக்தி தானாக ஏறாதா?

மருந்தாளுநர் நளினி: குமரன், தயவுசெய்து திடீரென்று நிறுத்தாதீர்கள். வாரக்கணக்கில் எடுக்கும்போது சிறுநீரகத்தின் மேலிருக்கும் அட்ரினல் சுரப்பி, தானாகச் சுரக்கும் கார்டிசால் என்ற இயற்கை ஸ்டீராய்டைக் குறைத்துவிடும், சட்டென்று விட்டால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அப்புறம், அம்மாவின் எதிர்ப்புச் சக்தி அவருடைய மூட்டையே தாக்குகிறது, அதை இன்னும் ஏற்றிவிட்டு என்ன செய்யப் போகிறீர்கள்? கொரோனாவிலும், பிரிட்டனில் நடந்த 2020 ரெக்கவரி ஆய்வில், தினம் 6 மி.கி. டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கொடுத்தபோது வென்டிலேட்டரில் இருந்தவர்களின் இறப்பு சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பலன் இல்லை.

குமரன்: அந்தக் கடைசி வரிதான் மேடம் என் கோபமே! தேவைப்படாதவர்களுக்கும் அள்ளிக் கொடுத்தார்களே. இன்றைக்கும் சீட்டு இல்லாமல் கடையில் வாங்க முடிகிறது. வைட்டமினால் யாருக்கு என்ன கெடுதல்?

சேத்துப்பட்டு மாணவன்: ஸ்டீராய்டைப் போல வைட்டமின் டி-யும் கொலஸ்ட்ரால் வழியில் வருவதுதான் சார், தோலில் வெயில் பட்டு உருவாகி, கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் மாறி, ஹார்மோன் போலவே செல்லுக்குள் போய் மரபணுக்களை இயக்குகிறது. காசநோய்க் கிருமியை விழுங்கிய மேக்ரோஃபேஜ் என்ற எதிர்ப்புச் செல், இதை வைத்துத்தான் கேத்தலிசிடின் என்ற கிருமிக்கொல்லியைத் தயாரிக்கிறது. ஆனால் அதே வைட்டமின், ‘T செல்’ என்ற இன்னொரு வகை எதிர்ப்புச் செல்களின் ஆவேசத்தை அடக்கவும் செய்யும். அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி சிறுநீரகம் கெடும், ரத்தப் பரிசோதனை இல்லாமல் மாதக்கணக்கில் 60,000 வேண்டாம்.

குமரன்: காலையிலிருந்து இரவு வரை ஓ.எம்.ஆர். சாலை ஐ.டி. அலுவலக ஏசி அறையில் கிடப்பவர்களுக்குக் குறைபாடு உண்டா இல்லையா?

நளினி: உண்டு, நன்றாகவே உண்டு. குறைபாடு இருந்தால் ஈடுகட்டத்தான் வேண்டும். ஸ்டீராய்டு எலும்பைத் தேய்க்கும் என்பதால் நீண்ட நாள் எடுப்பவர்களுக்கு டாக்டர்களே கால்சியமும் வைட்டமின் டி-யும் சேர்த்துத்தான் எழுதுகிறார்கள். அம்மாவின் சீட்டில் அது இருக்கிறதா பாருங்கள். குறைந்த அளவுக்கு எப்போது இறக்குவீர்கள், வேறு மருந்துக்கு மாற்ற முடியுமா என்று அடுத்த முறை டாக்டரிடம் நேராகவே கேளுங்கள்.

குமரன்: கேட்கிறேன் மேடம், அதுவரை மாத்திரையை நிறுத்த மாட்டேன். ஆனால் சீட்டில்லாமல் ஸ்டீராய்டு விற்பதைத் தடுக்காதவரை என் பயம் நியாயமானதுதான், அதில் மாற்றமில்லை.