'ஓபன்' என்ற சொல்லைச் சீன மாணவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது?

வணக்கம். சிங்கப்பூரில், சீனாவிலிருந்து வந்திருக்கும் நான்கு பேருக்கு மாலையில் ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். நேற்று இருட்டியதும் ஒரு அம்மா சுவிட்சைக் காட்டி, "ஓபன் த லைட்" என்றார். அவர்மேல் தவறில்லை. கதவைத் திறப்பது, விளக்கைப் போடுவது, கார் ஓட்டுவது, கூட்டம் நடத்துவது எல்லாவற்றுக்கும் சீன மொழியில் 'காய்' என்ற ஒரே வினைதான். 'விளக்கைப் போடு' என்று பழகிய நம் பிள்ளைகளும் 'புட் த லைட்' என்கிறார்களே!

கதவு, பெட்டி என்றால் ஓபன், மின்சாரம் என்றால் டர்ன் ஆன் என்று சொல்லிப் பார்த்தேன். சரி என்றார்கள். அப்புறம் ஒருவர், "கம்ப்யூட்டரில் ஃபைலை ஓபன் செய்கிறோமே?" என்று கேட்டார். பதில் சொல்லத் திணறிவிட்டேன்.

சீன மொழிக்காரர்களுக்குக் கற்பித்தவர்கள் யாராவது இருந்தால், எந்தப் பயிற்சி கைகொடுத்தது என்று சொல்லுங்கள். படம், விளையாட்டு எதுவானாலும் சரி. அடுத்த வகுப்பு வியாழக்கிழமை.