ஆப்டிமஸின் கை தொங்குகிறது, உதவுங்களேன்

என்னிடம் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் பொம்மைகளில் மாஸ்டர்பீஸ் வரிசை ஆப்டிமஸ் பிரைம் (லாரியாக மடங்கும் ரோபோ), மாடல் எண் எம்பி-10 இருக்கிறது. 1984-ல் வந்த பழைய பொம்மையை 2011-ல் புது வடிவில் விட்டார்களே, அதேதான். மார்பைத் திறந்தால் உள்ளே குட்டி மேட்ரிக்ஸ்கூட (கதையில் அவனுக்குச் சக்தி தரும் பொருள்) உண்டு. போன வாரம் அக்கா பையன் அதைப் பையில் திணித்து ஏற்காட்டுக்குக் கொண்டுபோய்விட்டான். இருபது கொண்டை ஊசி வளைவு, போக வர! இப்போது இடது முழங்கை தொளதொளவென்று ஆடுகிறது. துப்பாக்கியைக் கொடுத்தால் கை அப்படியே கீழே இறங்குகிறது. லாரியாக மடக்கினால் ஒன்றும் தெரிவதில்லை, ரோபோவாக நிறுத்தினால்தான் பாவமாக இருக்கிறது.

மூட்டில் நிறமில்லாத நெயில் பாலிஷ் தடவிக் காயவிட்டால் இறுகும் என்கிறார்கள். யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா? அப்புறம், சேலம் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் இந்தப் பொடி ஸ்க்ரூவைப் பொறுமையாகக் கழற்றக்கூடிய வாட்ச் கடைக்காரர் யாரையாவது தெரிந்தால் சொல்லுங்கள்.