உதவி தேவை: சீனி–ஈஸ்ட் பாட்டில் வைத்ததிலிருந்து காலையில் மீன்கள் மூச்சுத் திணறுகின்றன

வைகைக்கரை:
அனைவருக்கும் வணக்கம். மதுரையில் வீட்டுக் கூடத்தில் இரண்டடித் தொட்டி வைத்துச் செடி வளர்க்கிறேன். தண்ணீர் ஏறக்குறைய 50 லிட்டர். ரொட்டாலா, நீர்ப்பிரமி, பின்வரிசையில் வாலிஸ்நேரியா. மீன்கள் ஆறு கப்பி, எட்டு நியான் டெட்ரா. விளக்கு மாலை 4 மணி முதல் இரவு 10 மணி வரை எரியும்.

ரொட்டாலா வளராமல் நின்றுவிட்டதால் கரியமில வாயு கொடுத்துப் பார்க்கலாம் என்று முடிவு செய்தேன். சிலிண்டர் வாங்கும் வசதி இல்லை. இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டிலில் 200 கிராம் சீனி, ஒன்றரை லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு தேக்கரண்டி ஈஸ்ட். மூடியில் துளையிட்டு, மருந்துக்கடையில் வாங்கிய டிரிப் செட் குழாயைச் செருகி, அரால்டைட் பூசி அடைத்தேன்.

முதல் இரண்டு நாள் குமிழிகளை எண்ணவே முடியவில்லை. ஐந்தாம் நாள் அடங்கிவிட்டது. இரண்டாவது பாட்டிலும் அப்படியே. அதைவிடப் பெரிய கவலை மீன்கள்தான். காலை ஆறரை மணிக்கெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. நேற்று இரண்டு நியான் இறந்துவிட்டன. இருட்டில் செடிகள் இந்த வாயுவை எடுத்துக்கொள்ளாது என்று படித்திருக்கிறேன். அதனால் இரவு விளக்கை அணைக்கும்போதே டிரிப் செட்டின் உருளையைத் தள்ளிக் குழாயை மூடிவிடுகிறேன். அப்படியும் ஏன் இப்படி ஆகிறது? மனம் பொறுக்கவில்லை.

கொளத்தூர்வாசி:
மீன்களை இழந்ததற்கு வருந்துகிறேன். இரண்டு கேள்விகள். காலையில் உருளையை எத்தனை மணிக்குத் திறக்கிறீர்கள்? திறப்பதற்கு முன் பாட்டிலை அழுத்திப் பார்த்தீர்களா?

வைகைக்கரை:
எழுந்ததும் ஐந்தரை மணிக்குத் திறக்கிறேன். பாட்டில் கல் போல இருக்கிறது. அடிப்பாகம் வெளியே புடைத்துக்கொண்டதால் இப்போது நேராக நிற்பதுகூட இல்லை. திறந்ததும் சில நிமிடங்கள் சீறிக்கொண்டு வாயு பாய்கிறது.

கொளத்தூர்வாசி:
காரணம் அதுதான். குழாயை மூடினால் ஈஸ்ட் நிற்காது. சீனியைத் தின்றுகொண்டே இருக்கும். இரவு 10 முதல் ஐந்தரை வரை சேர்ந்த வாயு முழுவதையும் விடியற்காலையில் ஒரே மூச்சில் தொட்டிக்குள் விடுகிறீர்கள். அந்த நேரத்தில் விளக்கு இல்லை. செடிகளும் இரவெல்லாம் மீன்களைப் போலவே பிராணவாயுவைச் செலவழித்திருக்கின்றன. போதாததற்கு வெயில் காலத்துத் தண்ணீரில் பிராணவாயு கரைவதே குறைவு. ஒரு மணி நேரம் கழித்து மீன்கள் மேலே வருவதில் வியப்பில்லை.

தயவுசெய்து அந்த உருளையை இனி ஒருபோதும் மூடாதீர்கள். மீன்களுக்காக மட்டும் சொல்லவில்லை. என் பாட்டில் ஒன்று இப்படித்தான் மூடி தெறித்துப்போனது. பக்கத்தில் என் மகள் நின்றிருந்தாள். நல்லவேளையாகக் கண்ணில் படவில்லை. புடைத்த பாட்டிலை இன்றே எறிந்துவிடுங்கள்.

இரவில் குழாயின் நுனியைத் தண்ணீரிலிருந்து எடுத்து வெளியே தொங்கவிட்டால் போதும். வாயு அறைக்குள் கலந்து போகட்டும். மாலை 3 மணிக்கு மறுபடி உள்ளே விடுங்கள். விளக்கு எரியும்போது வாயு தயாராக இருக்கும். இரவு முழுவதும் ஏர் பம்ப் ஓடட்டும். குழாயின் நடுவே ஒருவழி வால்வு கட்டாயம் வேண்டும். இல்லையென்றால் பாட்டில் குளிரும்போது தொட்டித் தண்ணீர் பின்னோக்கி ஏறிவிடும்.

ஐந்து நாளில் அடங்குவதற்கு ஈஸ்ட் அதிகமானதுதான் காரணம். மதுரை வெயிலில் கால் தேக்கரண்டியே தாராளம். சீனி எவ்வளவோ அவ்வளவுதான் வாயு: எடையில் ஏறக்குறைய பாதி வாயுவாகும், மறுபாதி சாராயமாகும். ஈஸ்டைக் கூட்டினால் அதே சீனி சீக்கிரம் தீரும், அவ்வளவே.

நாஞ்சில்நீர்:
கொளத்தூர்வாசி ஐயா சொன்னது முற்றிலும் சரி. கூடுதலாக ஒன்று. சீனியை சைனா கிராஸுடன் காய்ச்சிப் பாட்டிலுக்குள் ஊற்றி உறைய விடுங்கள். அது கெட்டியான பிறகு அதன் மேல் ஈஸ்ட் கலந்த தண்ணீரை ஊற்றுங்கள். ஈஸ்டுக்குச் சீனி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கிடைக்கும். எனக்கு இரண்டு வாரத்துக்கு மேல் ஒரே சீராக வருகிறது. எலுமிச்சை உப்பும் ஆப்பச்சோடாவும் கலக்கும் முறையும் உண்டு. அதில் அழுத்தம் பல மடங்கு ஏறும். உலோக வால்வும் அழுத்தமானியும் இல்லாமல், டிரிப் செட்டை நம்பி அதில் இறங்க வேண்டாம்.

வாயுவின் அளவைக் கண்ணால் பார்க்க டிராப் செக்கர் (தொட்டிக்குள் ஒட்டிவைக்கும், நிறம் மாறும் திரவமுள்ள சிறு குமிழ்) ஒன்று வாங்கிவிடுங்கள். நீலம் என்றால் குறைவு, பச்சை சரியான அளவு, மஞ்சள் என்றால் மீன்களுக்கு ஆபத்து. நிறம் மாற இரண்டு மணி நேரம்கூட ஆகும் என்பதால் அதைப் பார்த்து அவசரப்பட்டு எதையும் மாற்றாதீர்கள்.

வைகைக்கரை:
12 நாள் கழித்து எழுதுகிறேன். இருவருக்கும் நன்றி எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. சைனா கிராஸ் முறையில் போட்ட பாட்டில் இன்னும் நொடிக்கு ஒரு குமிழி விடுகிறது. காலையில் மீன்கள் அடியில் நிம்மதியாகத் திரிகின்றன. நேற்று இரவு எட்டு மணிக்கு விளக்கடியில் குனிந்து பார்த்தேன். நீர்ப்பிரமி இலைகளின் ஓரமெல்லாம் முத்து முத்தாகக் காற்றுக் குமிழிகள். ரொட்டாலா இரண்டு விரற்கடை உயர்ந்திருக்கிறது, நுனி லேசாகச் சிவந்திருக்கிறது.

ஒரே ஒரு சந்தேகம். குழாய் நுனியிலுள்ள கல்லைச் சுற்றி வெள்ளையாகக் கொழகொழவென்று ஏதோ படிகிறது. அது மீன்களைப் பாதிக்குமா?

கொளத்தூர்வாசி:
படிக்கவே மகிழ்ச்சியாக இருக்கிறது, சகோதரி. அந்த வெள்ளைப் படலம் பாக்டீரியா. பாட்டிலிலிருந்து வாயுவோடு வரும் சாராய ஆவியும் சீனித் துளிகளும்தான் அதற்கு உணவு. சிறிதளவு இருந்தால் தீங்கில்லை, கல்லைக் கழற்றித் தேய்த்துக் கழுவுங்கள். நிரந்தரமாகத் தீர வேண்டுமென்றால் நடுவில் ஒரு சிறிய பாட்டிலில் பாதி தண்ணீர் வைத்து, வாயு அதற்குள் கொப்பளித்து வரும்படி செய்யுங்கள். பெரிய பாட்டில் பொங்கினாலும் நுரை அங்கேயே நின்றுவிடும். இறந்த நியான்களுக்குப் பதில் வாங்குவதை மழைக்காலம் வரை தள்ளிப்போடுங்கள். அவை வெப்பமண்டல மீன்கள்தான், ஆனாலும் இந்த அளவுச் சூடு அவற்றுக்கு ஆகாது.