தூக்குவதற்கு முன்பே வலி குறைந்தது

(பாரிஸ் புறநகர்)
மாமி குளியலறையில் வழுக்கி விழுந்திட்டா. வயது எண்பதுக்கு மேல். இடது கால் கட்டையாகி வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தது. தொடவே விடவில்லை. அவசர மருத்துவ உதவிக்கு 15க்கு அடித்தோம். இங்கே தேவையென்று பட்டால் வைத்தியரும் தாதியும் இருக்கிற வண்டியையே அனுப்புவார்கள். எங்கள் வீடு மேல்மாடியில்; லிஃப்ட்டுக்குள் ஸ்ட்ரெச்சர் போகாது. படியால் இறக்கினால் மாமி என்ன பாடுபடுவாவோ என்றுதான் எனக்குப் பயம்.

வைத்தியர் அவசரப்படவில்லை. இரத்தம் உறையாமல் இருக்கக் குளிசை எடுக்கிறாவா, எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா என்று கேட்டார். கால்விரல்களை அசைக்கச் சொல்லி, தொட்டால் தெரிகிறதா என்று பார்த்தார். பிறகு கவட்டுக்குச் சற்றுக் கீழே ஊசி போட்டார். கொஞ்ச நேரம் காத்திருந்தோம். "இப்ப நோ குறைவு பிள்ளை" என்றா மாமி. இறக்கும்போது முனகினா, ஆனால் கத்தவில்லை. அந்த வைத்தியரை நான் மறக்க மாட்டேன்.

(மதுரை, மயக்க மருத்துவர்)
நீங்கள் சொல்வது ஃபேசியா இலியாக்கா பிளாக் போலத் தெரிகிறது; இடுப்பு, தொடை வலியைக் கடத்தும் நரம்பை மரத்துப்போகச் செய்யும் ஊசி. 1989இல் பிரான்சில் டாலென்ஸ் என்பவரின் குழு குழந்தைகளுக்காக விவரித்த முறை. நரம்பைத் தேடிக் குத்துவதில்லை. ரத்தக்குழாயை விட்டு வெளிப்பக்கமாகத் தள்ளி, தசைக்கு மேல் இருக்கும் இரண்டு படலங்களைத் தாண்டி மரப்பு மருந்தை விடுவோம். பெரியவர்களுக்கு 30, 40 மில்லி வரை போகும். அது பரவிப் போய் நரம்பைச் சேரும். ஒவ்வொரு படலத்தைத் தாண்டும்போதும் 'டப்' என்று கைக்குத் தெரியும். இப்போது பெரும்பாலும் அல்ட்ராசவுண்டில் பார்த்தே போடுகிறோம்.

வயதானவர்களுக்கு இது பெரிய வரம். மார்ஃபின் கூடினால் அவர்களுக்குக் குழப்பம் வரும், மூச்சு மந்தமாகும். அதே சமயம், பிளாக்கில் போடும் மரப்பு மருந்து ரத்தத்தில் அதிகம் கலந்தால் வலிப்பு வரலாம், இதயத்துடிப்பு தடுமாறலாம். மானிட்டர் இல்லாமல் போடக்கூடாது.

நம்ம 108இல் டாக்டர் வருவதில்லை. அதனால் கேஷுவாலிட்டியில் எக்ஸ்ரேக்கு அனுப்பும் முன்னாடியே பிளாக் போட்டுவிட வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் சண்டை பிடிக்கிறேன். உடைந்த இடுப்போடு எக்ஸ்ரே மேசையில் ஒருவரைப் புரட்டுவது கொடுமை. பிரிட்டனின் வேல்ஸில், ஸ்வான்சீ பகுதியில், ஆம்புலன்ஸில் வரும் பாராமெடிக்குகளுக்கே பயிற்சி தந்து போட வைத்துப் பார்த்திருக்கிறார்கள். இங்கேயும் அதைப் பற்றிப் பேச ஆரம்பிக்க வேண்டும்.

(கோயம்புத்தூர்)
அப்பாவுக்குத் தொடை எலும்பு முறிந்தபோது ஒரு ஆஸ்பத்திரியில் பிளாக் போட்டு வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். எத்தனை மணிக்கு, என்ன மருந்து, எவ்வளவு என்று சீட்டில் எழுதவே இல்லை. போன இடத்தில் மறுபடி போடலாமா என்று யாருக்கும் தெரியவில்லை. பல மணி நேரம் அப்படியே கிடந்தார். தயவுசெய்து அதைக் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.