ஆட்டு இதயத்தை வெட்டிக் காட்ட வேண்டும்: கடையில் எப்படிக் கேட்பது, கத்தியை எங்கே வைப்பது?

வியாசை மாலை வகுப்பு:
வியாசர்பாடியில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் 14 பேருக்கு மாலை வகுப்பு நடக்கிறது. சுற்றோட்டப் பாடம் முடிந்துவிட்டது. இதயத்தின் படத்தை அழகாக வரைகிறார்கள், பாகம் குறிக்கும்போது இடதும் வலதும் மாறிப்போகிறது. நுரையீரல் தமனியில் எந்த ரத்தம் ஓடுகிறது என்று கேட்டால் பாதிப் பேர் "ஆக்ஸிஜன் நிறைந்த ரத்தம்" என்கிறார்கள். மூவிதழ், ஈரிதழ், அரைச்சந்திரம் என்று வால்வுப் பெயர்கள் பாட்டு மாதிரி வருகின்றன. எது எதற்கு என்றால் மௌனம்.

வரும் ஞாயிறு ஆட்டு இதயம் வாங்கிவந்து வெட்டிக் காட்டலாம் என்று எண்ணம். கறிக்கடையில் என்ன சொல்லிக் கேட்க வேண்டும்? எத்தனை வாங்குவது? எங்கே ஆரம்பித்து வெட்டுவது? முந்தின நாளே வாங்கி ஏதாவது மருந்தில் ஊறப்போட வேண்டுமா?

ஆட்டுத்தொட்டி:
ஞாயித்துக்கிழமை காலைல 8 மணிக்குப் போய் "பாய், இதயம் முழுசா, குழாயோட வேணும்"னு நின்னீங்கன்னா பின்னாடி வரிசைல இருக்கறவங்க உங்கள விடமாட்டாங்க. சனிக்கிழமை சாயங்காலமே சொல்லி வெச்சிடுங்க. ஞாயிறு முதல் ஆடு உரிக்கும்போதே எடுத்து வெச்சிடுவாங்க.

கேக்கற விதம் முக்கியம். வெறும் "இதயம்"னு கேட்டா, ரத்தம் போகறதுக்கு நடுவுல ஒரு கீறு போட்டு, மேல இருக்கற குழாயெல்லாம் சீவிட்டு, சமைக்கறதுக்கு ஏத்த மாதிரி குடுத்துடுவாங்க. உங்களுக்கு அது உதவாது. "பசங்களுக்குப் பாடம் காட்ட, கீறாம குடுங்க, மேல குழாய் ரெண்டு விரல்கடை நீளம் விட்டு வெட்டுங்க"ன்னு சொல்லுங்க. அதவிட நல்லது, நுரையீரலும் இதயமும் மூச்சுக்குழாயோட சேந்து தொங்குது பாருங்க, அத அப்படியே வாங்கிட்டு வாங்க. பிரிக்கற வேலைய நீங்க செய்யுங்க. கடையில பிரிச்சா கத்தி நேரா ஆரிக்கிள் (இதயத்தோட மேலறை) மேலதான் போகும், அந்த மெல்லிசு சுவர் பாதி நுரையீரலோட போயிடும்.

தண்டையார்பேட்டை மாணவன்:
வெள்ளிக்கிழமையே வாங்கி 10 சதவீத ஃபார்மலின்ல போட்டு வெச்சா கெட்டியா இருக்கும், வெட்ட சுலபம் ப்ரோ.

ராயபுரம் விலங்கியல்:
தம்பி, தயவுசெய்து இந்த யோசனையைப் பள்ளிப் பிள்ளைகள் உள்ள அறைக்குக் கொடுக்காதீர்கள். ஃபார்மலின் ஆவி கண்ணையும் தொண்டையையும் எரிக்கும், தோலில் பட்டால் ஒவ்வாமை வரும், புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் பட்டியலிலும் இருக்கிறது. காற்றை வெளியேற்றும் வசதியுள்ள ஆய்வகத்துக்கு மட்டுமே அது. மேலும், ஃபார்மலினில் போட்ட இதயத்தில் வால்வு விறைத்துவிடும். கீழே சொல்லப்போகும் தண்ணீர்ச் சோதனை அதில் சரிவராது. காலையில் வாங்கி, ஐஸில் வைத்து, மதியத்துக்குள் முடித்துவிட்டால் எந்த மருந்தும் வேண்டாம்.

14 பேருக்கு மூன்று இதயம் போதும். இரண்டைத் திறந்து பார்க்க, ஒன்றைக் குறுக்கே வெட்ட. தட்டு, கத்தரிக்கோல் (ஒரு முனை மழுங்கியது நல்லது), புதுக் கத்தி, இரண்டு ஸ்ட்ரா, ஒரு பென்சில், ஒரு வாளித் தண்ணீர், கையுறை. கத்தி உங்கள் கையில் மட்டும். பிள்ளைகள் விரலாலும் பென்சிலாலும் பார்க்கட்டும்.

வெட்டுவதற்கு முன் வெளிப்பக்கத்தில் பத்து நிமிடம் செலவழியுங்கள். இந்த இடத்தில் அவசரப்படுவதால்தான் பலருக்கு மீதியும் குழம்புகிறது. குழாய்கள் மேலே, கூர்முனை கீழே இருக்கும்படி பிடியுங்கள். காது மடல் போன்ற இரண்டு ஆரிக்கிள் நுனிகளும் உங்களை நோக்கி வளைந்து, அவற்றுக்கு நடுவே ஒரு தடித்த குழாய் எழும் முகம்தான் முன்பக்கம். அந்தக் குழாய் நுரையீரல் தமனி. அதன் அடியிலிருந்து சாய்வாக ஒரு கொழுப்புக் கோடு இறங்கும். அதற்குள்ளே இதயத்துக்கே ரத்தம் கொடுக்கும் கரோனரித் தமனியின் கிளை ஓடுகிறது, உள்ளே இரண்டு வெண்ட்ரிக்கிளையும் (கீழறைகளையும்) பிரிக்கும் சுவரும் அந்தக் கோட்டுக்கு நேராகவே இருக்கிறது. கோட்டின் இரு பக்கமும் அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு பக்கம் தொளதொளவென்று அமுங்கும், மறுபக்கம் கெட்டியாக நிற்கும். கெட்டியானது இடது. கூர்முனை முழுக்க அதைச் சேர்ந்ததுதான். அது பார்ப்பவரின் வலக்கைப் பக்கம் இருப்பதைப் பிள்ளைகளே கண்டுபிடித்துச் சொல்வார்கள், நீங்கள் வாயைத் திறக்க வேண்டியதில்லை.

அடுத்து தண்ணீர்ச் சோதனை. முதலில் குழாய்கள் வழியே தண்ணீர் விட்டு, உறைந்த ரத்தக் கட்டிகளைப் பிதுக்கி வெளியேற்றுங்கள். கட்டி ஒன்று வால்வு இதழில் உட்கார்ந்திருந்தாலே ஒழுகும், "வால்வு வேலை செய்யல சார்" என்பார்கள். பிறகு பெருந்தமனியின் வாயை மேலே தூக்கிப் பிடித்து மெதுவாகத் தண்ணீர் ஊற்றுங்கள். தண்ணீர் உள்ளே இறங்காமல் குழாயிலேயே நிற்கும். மேலிருந்து எட்டிப் பார்த்தால் மூன்று பைகள் ஒன்றோடொன்று ஒட்டி மூடியிருப்பது தெரியும், சட்டைப் பையில் தண்ணீர் நிரம்பினால் உப்புமே, அப்படி. மட்டம் மெல்ல இறங்கினால் பயப்பட வேண்டாம். வால்வுக்குச் சற்று மேலே கரோனரித் தமனிகளின் துவாரங்கள் இருக்கின்றன, அந்த வழியாகக் கொஞ்சம் போகும். சட்டென்று காலியானால்தான் கடையில் கத்தி பட்டிருக்கிறது என்று அர்த்தம்.

வெட்டு, வலப்பக்கம் முதலில். நுரையீரல் தமனிக்குள் கத்தரிக்கோலின் மழுங்கிய முனையை விட்டு, கொழுப்புக் கோட்டிலிருந்து ஒரு சென்டிமீட்டர் இதயத்தின் வலப்பக்கம் (உங்கள் இடக்கைப் பக்கம்) தள்ளி, கோட்டோடு இணையாகக் கீழே வாருங்கள். திறந்தால் மெல்லிய சுவர், வெள்ளை நூல் போன்ற கார்டா டென்டினே, அந்த நூல்களைப் பிடித்திருக்கும் பாப்பில்லரி தசைகள். நூலைப் பென்சிலால் தூக்கி இழுத்துக் காட்டுங்கள்: நூல் வால்வைத் திறப்பதில்லை. ரத்தம் அழுத்தும்போது இதழ் ஆரிக்கிள் பக்கம் புரண்டுவிடாமல் பிடித்து நிறுத்துகிறது, காற்றில் குடை மடங்காமல் கம்பி தாங்குவது போல. இந்த அறையின் குறுக்கே ஒரு தசைக்கயிறு போகும். பாடநூல் படத்தில் அது இருக்காது. யாராவது கேட்டால், துடிப்புக்கான மின்தூண்டலின் ஒரு பகுதி அதன் வழியே போகிறது என்று சொன்னால் போதும்.

இடப்பக்கத்தை ஆரிக்கிளில் தொடங்கி வெளிச்சுவர் வழியாகக் கூர்முனை வரை ஒரே கோடாக வெட்டுங்கள். சுவர் வலப்பக்கத்தைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு தடிமன். பெருந்தமனி எங்கே என்று தேடுவார்கள், கண்ணுக்குப் படாது. இடது ஆரிக்கிளுக்கும் வெண்ட்ரிக்கிளுக்கும் நடுவே உள்ள ஈரிதழ் வால்வின் பெரிய இதழுக்குப் பின்னால் விரலை மேலே செலுத்துங்கள், விரல் பெருந்தமனி வாயில் வெளியே வரும். ரத்தம் உள்ளே வரும் வாசலும் வெளியே போகும் வாசலும் அடுத்தடுத்து இருப்பதை விரல் சொல்லிக்கொடுக்கிற மாதிரி எந்தப் படமும் சொல்லாது.

மூன்றாவது இதயத்தை நடுவில் குறுக்கே வெட்டுங்கள். இடது வட்டமாக, வலது அதன் மேல் ஒட்டிய பிறை மாதிரி தெரியும்.

ஒரு எச்சரிக்கை: மனிதரின் பெருந்தமனி வளைவில் மூன்று கிளைகள் என்று பாடத்தில் படித்திருப்பார்கள். ஆட்டில் தலைக்கும் முன்னங்கால்களுக்கும் போவதற்கு ஒரே பொதுக் கிளைதான் புறப்பட்டு, பிறகு பிரியும். மூன்றைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

பெரம்பூர் டீச்சர்:
இடது வலது குழப்பத்துக்கு ஒரு வரி: படத்தில் இருப்பது உங்களுக்கு எதிரே நிற்கிறவரின் இதயம். படத்தை வெட்டி எடுத்து, எழுத்துப் பக்கம் வெளியே தெரியும்படி அவரவர் நெஞ்சில் வைக்கச் சொல்லுங்கள். "இடது" என்று எழுதியது அவர்களுடைய இடது கைப்பக்கம் வந்துவிடும்.

தமனி, சிரை குழப்பம் உண்மையில் வார்த்தைக் குழப்பம். "தமனி என்றால் சுத்த ரத்தம்" என்று எப்போதோ யாரோ சொன்னது மண்டையில் நின்றுவிட்டது. இதயத்தை விட்டுப் போவது தமனி, இதயத்துக்கு வருவது சிரை, அவ்வளவுதான். உள்ளே ஓடும் ரத்தத்தைப் பார்த்து வைத்த பெயர் இல்லை. "அசுத்த ரத்தம்" என்ற சொல்லையே வகுப்பில் விட்டுவிடுங்கள், அதில் அழுக்கு ஒன்றும் இல்லை. அதே போல நீல வண்ணம் அச்சுக்காக. உடம்பில் நீல ரத்தம் கிடையாது, ஆக்ஸிஜன் குறைந்தது கருஞ்சிவப்பு.

மொட்டை மாடித் தரையில் சாக்பீஸால் நாலு அறை பெரிதாக வரைந்து, ஒரு ஓரம் நுரையீரல், மறு ஓரம் கால் கட்டைவிரல். பிள்ளைகள்தான் ரத்தம். கட்டைவிரலில் கிளம்பி, கீழ்ப்பெருஞ்சிரை, வலது ஆரிக்கிள், மூவிதழ் வால்வு, வலது வெண்ட்ரிக்கிள், நுரையீரல் தமனி, நுரையீரல், நுரையீரல் சிரை, இடது ஆரிக்கிள், ஈரிதழ் வால்வு, இடது வெண்ட்ரிக்கிள், பெருந்தமனி, மறுபடி கட்டைவிரல். நுரையீரலில் ஊதா அட்டையைக் கொடுத்துச் சிவப்பு அட்டை வாங்க வேண்டும். தப்பு நடக்கிற இடம் ஒன்றே ஒன்று: நுரையீரலிலிருந்து நேராக உடம்புக்கு ஓடிவிடுவார்கள். அங்கே ஆள் நிறுத்தித் திருப்பி அனுப்புங்கள். மறுபடி இதயத்துக்கு வந்தே ஆக வேண்டும் என்பதுதான் இரட்டைச் சுற்றோட்டம்.

வியாசை மாலை வகுப்பு:
மிக்க நன்றி சார், டீச்சர், பாய் கடை விவரம் சொன்ன அண்ணனுக்கும். இன்னும் இரண்டு. இடது வெண்ட்ரிக்கிள் தடிமனாக இருப்பதால் அது அதிக ரத்தத்தைத் தள்ளுகிறது என்று சொல்லலாமா? கறி தொடாத பிள்ளைகள் இரண்டு பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கு என்ன செய்வது?

ராயபுரம் விலங்கியல்:
சொல்லக் கூடாது. ஒவ்வொரு துடிப்பிலும் இரண்டும் தள்ளுவது சராசரியாக ஒரே அளவு, சுமார் 70 மி.லி. வலது அதிகமாகத் தள்ளினால் நுரையீரலில் ரத்தம் தேங்கிவிடும். வித்தியாசம் அழுத்தத்தில். வலது, பக்கத்திலிருக்கும் நுரையீரலுக்கு ஏறத்தாழ 25 மி.மீ. பாதரச அழுத்தத்தில் தள்ளுகிறது. இடது, தலை முதல் கால் வரை அனுப்ப 120 வரை போக வேண்டும். அதற்குத்தான் தடிமன்.

தொட விரும்பாதவர்களைக் கட்டாயப்படுத்தாதீர்கள். நேரம் பார்ப்பது, படம் வரைவது, நாடி எண்ணுவது அவர்கள் வேலை. நாடி எண்ண மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் ஆட்காட்டி விரலும் நடுவிரலும். எண்ணுகிறவர் தன் கட்டைவிரலால் அழுத்தினால் தன் நாடியையே எண்ணும் வாய்ப்பு உண்டு. 15 விநாடி எண்ணி 4-ஆல் பெருக்கினால் ஒரு துடிப்புத் தவறு நாலாகிவிடும், 30 விநாடி எண்ணி 2-ஆல் பெருக்கச் சொல்லுங்கள். குதித்துவிட்டு எண்ணினால் நின்ற உடனே தொடங்க வேண்டும், சீக்கிரம் இறங்கிவிடும்.

அந்த எண்ணை வைத்தே கணக்குப் போடலாம். 72 x 70 = 5,040 மி.லி., நிமிடத்துக்கு 5 லிட்டர். ஒரு நாளைக்கு 7,200 லிட்டருக்கு மேல். தெருவுக்கு வரும் 9,000 லிட்டர் தண்ணீர் லாரியில் முக்கால் பங்குக்கும் மேல். பெரியவர் உடம்பில் உள்ள மொத்த ரத்தமே ஏறத்தாழ 5 லிட்டர்தானே, மீதி எங்கிருந்து வருகிறது என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். வில்லியம் ஹார்வி 1628-இல் இந்த மாதிரிக் கணக்கைத்தான் போட்டார்: சாப்பாட்டிலிருந்து இவ்வளவு ரத்தம் புதிதாக உண்டாக முடியாது, ஆகவே அதே ரத்தம் சுற்றிவருகிறது. தமனியிலிருந்து சிரைக்கு எப்படிப் போகிறது என்பதை அவரால் பார்க்க முடியவில்லை. இரண்டையும் இணைக்கும் மிக மெல்லிய குழாய்களான தந்துகிகளை நுண்ணோக்கியில் தவளை நுரையீரலில் பார்த்து 1661-இல் எழுதியவர் மால்பிஜி.

பெரம்பூர் டீச்சர்:
தேர்வுக்கு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். லப், டப் இரண்டும் வால்வு மூடும்போது வருகிறவை. "திறக்கும்போது" என்று எழுதி மதிப்பெண் விடுகிறார்கள். லப் சற்று நீளம், மூவிதழும் ஈரிதழும் மூடுவது. டப் குட்டை, பெருந்தமனி, நுரையீரல் தமனி வாய்களில் உள்ள அரைச்சந்திர வால்வுகள் மூடுவது. ஒரு துடிப்பு 0.8 விநாடி: ஆரிக்கிள் சுருங்க 0.1, வெண்ட்ரிக்கிள் சுருங்க 0.3, மீதி 0.4 இரண்டுக்கும் ஓய்வு. 60-ஐ 0.8-ஆல் வகுத்தால் 75 வரும், 72 வராது. கேட்கிற பிள்ளையிடம் 0.8 என்பது முழுமையாக்கிய எண் என்று சொல்லிவிடுங்கள்.

மீன் இதயமும் காட்டலாம், காசிமேட்டில் பெரிய மீனாக வெட்டாமல் கேளுங்கள். செவுளுக்குப் பின்னால், தொண்டைக்கு அடியில், இரண்டு பக்கத் துடுப்புகளுக்கு நடுவே சின்னதாக இருக்கும். ஒரு ஆரிக்கிள், ஒரு வெண்ட்ரிக்கிள், ஒரு சுற்றில் ரத்தம் இதயத்தை ஒரே தடவைதான் கடக்கும். ஆட்டு இதயத்துக்குப் பக்கத்தில் வைத்தால் "ஒற்றைச் சுற்றோட்டம்" தனியாக விளக்க வேண்டியதில்லை.

ஆட்டுத்தொட்டி:
முடிஞ்சப்புறம் ரத்தத் தண்ணிய சிங்க்ல ஊத்தாதீங்க, கொழுப்பு அடைச்சிக்கும். கட்டிய வடிகட்டி எடுத்துட்டு, தண்ணிய மட்டும் கழிவறைல ஊத்துங்க. இதயத்த ரெண்டு கவர்ல கட்டி ஈரக் குப்பைல போடுங்க, மாடில வெச்சிட்டு வந்தா காக்கா வந்து தூக்கிட்டுப் போய் பக்கத்து வீட்டுத் தண்ணித் தொட்டில போடும். தட்டையும் தரையையும் சோப்பு போட்டுக் கழுவிட்டு அப்புறம் ப்ளீச்சிங் பவுடர் தண்ணி. யாராவது ஒரு பையன் "சார், இத வறுத்துடலாமா?"ன்னு கண்டிப்பா கேப்பான். அத்தன கை பட்டு, வெயில்ல ரெண்டு மணி நேரம் இருந்தது, வேணாம்னு சொல்லிடுங்க. வறுக்கணும்னா நாலாவதா ஒண்ணு தனியா வாங்குங்க, அதக் கீறியே குடுப்பாங்க.