பழைய வில்லன் திரும்பி வந்த அந்த நிமிடம்: டாக்டர் ஹூ என்ற பிரிட்டிஷ் தொடரைப் பார்ப்பவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

நீலப்பெட்டி:
கதைச் சுருக்கம் எழுதப் போவதில்லை, இங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியும். 2025 மே 17, யூரோவிஷன் இறுதிப் போட்டி நடந்த அதே சனிக்கிழமை. எபிசோட் முடிந்து பெயர்கள் ஓட ஆரம்பித்ததும் வீட்டுக்காரர் டீ போட எழுந்துவிட்டார். அப்போது நடுவில் ஒரு காட்சி. உறைந்து போயிருந்த மிஸஸ் ஃப்ளட் என்ற மர்மப் பெண் (அனிதா டாப்சன்) உயிரோடு எழுந்து, இரண்டாகப் பிரிகிறார். பக்கத்தில் நிற்பது நடிகை ஆர்ச்சி பஞ்சாபி. நிமிர்ந்த தலை, ஒரு அலட்சியப் பார்வை, "நான்தான் ராணி" என்கிற தோரணை. அனிதா டாப்சன் அந்த நொடியே வேலைக்காரி மாதிரி ஆகிவிடுகிறார்.

நான் சோபாவில் ஏறி நின்று கத்தினேன். 2023 கிறிஸ்துமஸில் மிஸஸ் ஃப்ளட் கேமராவைப் பார்த்துப் பேசியதிலிருந்தே ராணி, ராணி என்று சொல்லிக்கொண்டிருந்தவள் நான். (இந்தத் தொடரில் எந்த மர்மப் பெண் வந்தாலும் அப்படித்தான் சொல்வோம், அது வேறு விஷயம்.)

மகள் கேட்டாள்: "அம்மா, யார் இவங்க?" கதாநாயகன் டாக்டரோடு படித்தவள், விஞ்ஞானி, சுரங்கத் தொழிலாளர்களின் மூளையிலிருந்து தூக்கத்தையே உறிஞ்சியவள், 1987க்கு அப்புறம் தொடரில் வரவில்லை என்று மூச்சுவிடாமல் சொன்னேன். "அப்படின்னா 38 வருஷமா எங்க இருந்தாங்க?" என்றாள். என்ன சொல்வது?

இரண்டு வாரம் கழித்து ஒமேகா என்ற எலும்புக்கூட்டு ராட்சதன் வந்து அதே ராணியை வாயில் போட்டு விழுங்கினான். மகள் சிரித்துவிட்டாள். "அவ்ளோதானா?" என்று ஒரே வார்த்தை. எனக்கு அதுதான் இன்னும் உறுத்துகிறது. அவளுக்குச் சிரிப்பு, எனக்கு 38 வருஷம். உங்களுக்கும் இப்படி ஒரு நிமிடம் இருந்தால் எழுதுங்கள்.

யானா_2007:
யுடோபியா எபிசோட். 2007 ஜூன் 16. வேறு எதையும் இதோடு வைத்துப் பேச முடியாது.

மான்செஸ்டரில் படித்துக்கொண்டிருந்தேன். விடுதி டிவி அறையில் ஏழெட்டுப் பேர். பேராசிரியர் யானா சட்டைப் பையிலிருந்து அந்தக் கடிகாரத்தை எடுக்கிறார், "உடைந்துபோனது, திறந்ததே இல்லை" என்கிறார். டாக்டரோடு பயணிக்கும் மார்த்தாவின் முகம் மாறுகிறது. அதே மாதிரிக் கடிகாரத்தை, ஒரு ஆளின் நிஜ அடையாளத்தையே உள்ளே ஒளித்து வைக்கிற கடிகாரத்தை, அவள் ஏற்கெனவே பார்த்திருக்கிறாள், அந்த எபிசோடை நானும் பார்த்திருந்தேன். அறையில் மற்றவர்கள் பார்த்திருக்கவில்லை போலும். பேசிக்கொண்டே இருந்தார்கள். எனக்கு மட்டும் உள்ளங்கை வியர்த்தது. போ முகம் என்கிற பாத்திரம் சாகும்போது சொன்ன கடைசி நாலு ஆங்கிலச் சொல்லின் (You Are Not Alone) முதலெழுத்துகளைச் சேர்த்தால் யானா. கடிகாரத்துக்குள்ளிருந்து டாக்டரின் பழைய எதிரி மாஸ்டரின் முந்தைய உருவங்களின் குரல், அந்தச் சிரிப்பு. யானாதான் மாஸ்டர்.

அப்புறம் யானாவாக நடித்த டெரெக் ஜகோபி திரும்பினார். மேக்கப் கிடையாது, இசை கூட எனக்கு நினைவில்லை. அதுவரை தாத்தா மாதிரி இருந்த கண் செத்துப்போயிருந்தது. கரண்ட் ஒயரைப் பிடித்துக்கொண்டு அந்தப் பாவப்பட்ட உதவியாளர் சான்தோவை நோக்கி நடந்து வந்தார் பாருங்கள், அறையே அடங்கிவிட்டது.

இத்தனைக்கும் அந்த மனிதருக்கு மாஸ்டராகக் கிடைத்தது சில நிமிடங்கள்தான். உடனே ரீஜெனரேஷன் (வேறு உடம்பாக மாறுவது), உடனே புது மாஸ்டராக ஜான் சிம், உடனே துள்ளல். சிம் வரப்போகிறார் என்று முன்பே பேச்சு அடிபட்டதால் அது எனக்கு அதிர்ச்சியே இல்லை. ஜகோபியைத்தான் ஒளித்து வைத்திருந்தார்கள். அவரை ஒரு முழு சீசன் விட்டிருக்க வேண்டும். பத்து வருஷம் கழித்து ஆடியோ நாடகத்தில் கொண்டுவந்தார்கள், கேட்டேன், நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கண்ணை ஆடியோவில் எப்படிப் பார்ப்பது?

இந்த மாதிரி ஒளித்து வைத்து அடிக்கும் வித்தையெல்லாம் 2005க்குப் பிறகு வந்ததுதான். அந்தக் காலத்தில் மாஸ்டர் வாரா வாரம் வருவார், போவார், யாரும் சோபாவில் ஏறவில்லை.

சோனிக்_ஸ்க்ரூ:
எனக்கு 2014 நவம்பர் 1. செயின்ட் பால்ஸ் தேவாலயப் படிக்கட்டு, பின்னால் சைபர்மேன் என்கிற இயந்திர மனிதர்கள் வரிசையாக இறங்குகிறார்கள், மிஸ்ஸி என்கிற பெண் தான்தான் மாஸ்டர் என்று சொல்கிறாள். டாம் பேக்கர் டாக்டராக நடித்த காலத்திலிருந்து பார்க்கிற என் மாமா ரிமோட்டை வைத்துவிட்டு மாடிக்குப் போனார். "ஆம்பளை வில்லனைப் பொம்பளை ஆக்கிட்டாங்க, இனி நான் பார்க்கல" என்றார். அடுத்த சனிக்கிழமை எல்லாருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தவரும் அவர்தான். மிஸ்ஸியாக நடித்த மிஷெல் கோமஸ் செய்த காரியம் அது. அவ்வளவுதான் என் கதை.

நீலப்பெட்டி அக்கா, உங்கள் பிரச்சினை வேறு. பிள்ளைக்குப் பழசைக் காட்டாமல் புதுசை மட்டும் காட்டினால் சிரிக்கத்தான் செய்வாள். 2023 நவம்பரிலிருந்து பிபிசியின் இணையத் தளமான ஐபிளேயரில் பழைய எபிசோடுகள் 800க்கு மேல் கிடக்கின்றன. முதலில் "த மார்க் ஆஃப் த ராணி" (1985) காட்டுங்கள். இரண்டே பாகம், ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரம். கில்லிங்வொர்த் சுரங்க ஊர், ஜார்ஜ் ஸ்டீவன்சன், இயந்திரங்களை உடைக்கிற கலவரம் என்று கொஞ்சம் வரலாறும் கிடைக்கும். ஊர்க் காட்சிகளை அயர்ன்பிரிட்ஜ் பக்கம் பிளிஸ்ட்ஸ் ஹில்லில் எடுத்தார்கள். அரை நாள் லீவு கிடைத்தால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் வாருங்கள். ராணியாக வரும் கேட் ஓமாரா எப்படி மாஸ்டரையே ஓரம்கட்டுகிறார் என்று பாருங்கள். அதில் ராணிக்கு உலகத்தை ஆளும் ஆசை கிடையாது, ஆராய்ச்சி நடக்க வேண்டும், குறுக்கே வருகிறவன் தொலைய வேண்டும். அதனால்தான் பயம் வரும். "டைம் அண்ட் த ராணி"யை உடனே காட்டாதீர்கள். சில்வெஸ்டர் மெக்காய் டாக்டராக வந்த முதல் கதை, நாலு பாகம். ராணி, டாக்டரின் தோழி மெல் மாதிரி விக் வைத்துக்கொண்டு வருவதை ரசிக்கக் கொஞ்சம் பக்குவம் வேண்டும். 1993இல் தர்ம நிதிக்காக எடுத்த "டைமன்ஷன்ஸ் இன் டைம்" பக்கமே போக வேண்டாம். மாஸ்டருக்கு 1971இன் "டெரர் ஆஃப் தி ஆட்டான்ஸ்", பிறகு 1976இன் "த டெட்லி அசாசின்", அதன் பிறகே யுடோபியா. யுடோபியாவுக்கு முன்னால் "ஹ்யூமன் நேச்சர்" கட்டாயம், இல்லாவிட்டால் கடிகாரம் புரியாது. ஒமேகாவுக்கு "த த்ரீ டாக்டர்ஸ்". அதில் ஹெல்மெட்டைக் கழற்றினால் உள்ளே முகமே இருக்காது, அதைப் பார்த்தவர்கள் இந்த எலும்புக்கூட்டை மன்னிக்கவே மாட்டார்கள். ஒரு நாளைக்கு ஒரு பாகத்துக்கு மேல் வேண்டாம். பாதி பாகத்தில் நிறுத்தவும் கூடாது. அந்த எபிசோடுகள் கடைசி நிமிடத்துக்காகவே எழுதப்பட்டவை.

நீலப்பெட்டி:
தம்பி, யார் கேட்டது? இருந்தாலும் மார்க் ஆஃப் த ராணி காட்டிவிட்டேன். ஒருவன் மரமாகி, கிளையை நீட்டி டாக்டரின் தோழி பெரியைக் காப்பாற்றுகிற காட்சியில் விழுந்து விழுந்து சிரித்தாள். ஆனால் கடைசியில் ராணியின் டார்டிஸுக்குள் (காலப் பயண வண்டி) டைனோசர் வளர்கிறதே, அதற்கு வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தாள். முடிந்ததும், "டைனோசர் கிட்டயே தப்பிச்சவங்க அந்த எலும்புக்கூடு கிட்ட ஏன் ஓடல?" என்று கேட்டாள். இதை எழுதியவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

லெஸ்டர்_வாசி:
எல்லோரும் சந்தோஷ அதிர்ச்சியாக எழுதுகிறீர்கள். என்னுடையது இரண்டு பாகம், இரண்டாவது பாகம் சந்தோஷம் இல்லை.

2020 புத்தாண்டு நாள், ஸ்பைஃபால் எபிசோட். ஓ என்று ஒரு ஆள், பிரிட்டிஷ் உளவுத்துறை எம்ஐ6இல் இருந்தவன், ஆஸ்திரேலியாவில் தனியாக வீடு. பேச்சில் கூச்சம், நல்ல பிள்ளை. விமானத்தில் டாக்டர் ஒரு சின்னக் கேள்வி கேட்கிறார், இவன் பதில் இடிக்கிறது. ஓவாக நடித்த சச்சா தவான் மெதுவாகச் சிரிக்க ஆரம்பிக்கிறார். இவன்தான் மாஸ்டர். ஜன்னலுக்கு வெளியே, மேகத்துக்கு நடுவே, அவன் வீடு பறந்து வருகிறது! நிஜமான ஓவைச் சுருக்கித் தீப்பெட்டிக்குள் போட்டு வைத்திருக்கிறான்.

யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்தத் தொடரின் முதல் கதையை 1963இல் இயக்கியவர் லக்னோவில் பிறந்த வாரிஸ் ஹுசைன். தொடர் பிறந்த கதையை 2013இல் நாடகமாக எடுத்தபோது அவராக நடித்தவர் இதே தவான். நம் நிறத்தில் ஒரு ஆள் மாஸ்டராக, டாக்டராக நடித்த ஜோடி விட்டேக்கருக்கு ஈடாக நிற்கிறான். அந்த நாலு நாளும் நான் தரையில் நடக்கவில்லை.

ஜனவரி 5, இரண்டாம் பாகம். 1943 பாரிஸ். மாஸ்டர் நாஜி அதிகாரி உடுப்பில் இருக்கிறான், மற்றவர் கண்ணுக்குத் தன் நிஜ உருவம் தெரியாமல் ஒரு மறைப்பு போட்டிருக்கிறான். ஐஃபல் கோபுரத்தின் மேலே டாக்டர் அந்த மறைப்பை முடக்குகிறார், இனி அவர்கள் உன்னை உள்ளபடி பார்ப்பார்கள் என்கிறார். படையினர் ஏறி வருகிறார்கள். டாக்டர் போய்விடுகிறார்.

தங்கை என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அவனோட தோலைக் காட்டிக் குடுத்துட்டுப் போறாங்களா?" என்றாள். திருப்பிப் போட்டுப் பார்த்தோம். ஆமாம். அதே எபிசோடில் இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் உளவாளியாக இருந்த நூர் இனாயத் கான் வருகிறார், 1944இல் டாக்காவ் முகாமில் கொல்லப்பட்ட அதே நூர். அவரையும் வைத்துக்கொண்டு இப்படி ஒரு காட்சி எழுத எப்படி மனம் வந்தது? மாஸ்டர் கொலைகாரன்தான், சாகட்டும். டாக்டர் அதைச் செய்த விதம்தான் எனக்கு ஆறவில்லை.

திரைக்கதை_நேசன்:
லெஸ்டர் சகோ, கொஞ்சம் நியாயமாகப் பேசுவோம். அந்த உடுப்பை விரும்பிப் போட்டுக்கொண்டவன் மாஸ்டர். மறைப்பைப் போட்டதும் அவனே. இவன் பிரிட்டிஷ் உளவாளி என்று நம்பவைக்கும் பொய்ச் செய்தியையும் டாக்டர் ஜெர்மானியர் கையில் கிடைக்க விட்டார், வெறும் நிறத்தை வைத்துப் பிடிக்கவில்லை. எப்படியும் 77 வருஷம் பூமியில் சுற்றிவிட்டு வந்து நிற்கத்தான் போகிறான். வில்லன் தன் வலையில் தானே விழுவது பழைய உத்தி.

லெஸ்டர்_வாசி:
பொய்ச் செய்தியே போதும் என்றால் மறைப்பை எதற்கு முடக்க வேண்டும்? நான் கேட்டது அது ஒன்றுதான். நீங்கள் திரைக்கதை சொல்கிறீர்கள், நான் என் வீட்டு ஹாலைச் சொல்கிறேன்.

பழைய_ஆள்:
யானா தம்பிக்கு ஒரு சொல். ஒளித்து வைத்து அடிப்பது 2005க்குப் பிறகு வந்ததாம்! 1971இல் ராஜர் டெல்காடோ அந்த சீசன் முழுக்க மாஸ்டராக வந்தது உண்மை. அந்த மனிதர் 1973இல் துருக்கியில் கார் விபத்தில் போனபின் கதையே வேறு. 1982இல் வந்த "காஸ்ட்ரோவால்வா"வில் ஊர்ப் பெரியவராக வேஷம் போட்டு வந்தது மாஸ்டர், நடித்தவர் அந்தனி ஐன்லி. பெயர்ப் பட்டியலில் நீல் டாய்னே என்று போட்டார்கள். டோனி ஐன்லியின் ஆங்கில எழுத்துகளைக் கலைத்துப் போட்ட பெயர் அது! நீங்கள் எல்லாம் பிறக்கும் முன்னமே செய்துவிட்டார்கள், தம்பி.

நான் படிக்க வந்த புதிது. ஈலிங்கில் ஒரு அறையில் நாலு பெடியள், கறுப்பு வெள்ளை டிவி. 1981 பெப்ரவரி, "த கீப்பர் ஆஃப் ட்ராக்கன்" கடைசிப் பாகம். எல்லாம் நல்லபடி முடிந்தது, டாக்டரும் போய்விட்டார். ட்ரெமாஸ் என்ற நல்ல மனிதர், நிஸா என்ற பிள்ளையின் தகப்பன், தனியே நிற்கிறார். முன்பு இல்லாத ஒரு பெரிய நிலைக் கடிகாரம் மூலையில் நிற்கிறது. ஒரு விரலால் தொடுகிறார். கை ஒட்டிக்கொள்கிறது, ஆள் அசைய முடியாமல் நிற்கிறார். அழுகிப்போன உடம்போடு மாஸ்டர் கடிகாரத்திலிருந்து வந்து அவருக்குள் புகுகிறான். நரை போய், கறுத்த தாடியோடு இளமையாகி, சிரித்துக்கொண்டு கடிகாரத்துக்குள் போய்விடுகிறான். அதன்பின் பிள்ளை வந்து அப்பா, அப்பா என்று கூப்பிடுகிறது. அவ்வளவோடு முடித்துவிட்டார்கள்.

நாலு பேரும் சாப்பாட்டைத் தொடவில்லை. அடுத்த கதையில் அந்தப் பிள்ளை தகப்பனின் முகத்தை மாஸ்டரில் பார்க்கிறது, அவளுடைய உலகமே அழிந்துபோகிறது. இருந்தும் அவள் உட்கார்ந்து அழ ஒரு முழுக் காட்சி கொடுக்கவில்லை. இப்போது ராணியை விழுங்கிவிட்டான் என்று கவலைப்படுகிறீர்கள். விழுங்கட்டும். இன்னொரு ராணி தப்பித்து ஓடியிருக்கிறாள் அல்லவா, வருவாள். ட்ரெமாஸ் வரவில்லை.

நள்ளிரவு_ஐபிளேயர்:
2024 ஜூன் 15. அந்த வருஷம் எபிசோட் இரவு 12 மணிக்கே ஐபிளேயரில் வந்துவிடும், பிபிசி ஒன்னில் சாயங்காலம்தான். காலையில் வேலை என்று தூங்கிவிட்டேன். எழுந்து பார்த்தால் வாட்சப் குழுவில் வெறும் நாய் முகமாகக் கொட்டி வைத்திருந்தார்கள். புரிந்துவிட்டது, நாய் முகச் சாவுக் கடவுள் சுதேக்.

தெரிந்துகொண்டுதான் பார்த்தேன், ஆனாலும் அந்தக் குரல் வந்ததும் முதுகு சில்லிட்டது. 1975இல் "பிரமிட்ஸ் ஆஃப் மார்ஸ்" கதையில் பேசிய அதே கேப்ரியல் வுல்ஃப். தொண்ணூறு தாண்டிய மனிதர், 49 வருஷம் கழித்தும் அவசரமே இல்லாத அதே குரல். அப்பாவிடம் அந்தக் கதையின் வீடியோ கேசட் இருந்தது. சின்ன வயதில் அந்தக் குரல் வந்தால் சத்தத்தைக் குறைத்துவிட்டு உதட்டசைவை மட்டும் பார்க்கலாம் என்று நினைப்பேன். முகமூடி போட்டவனுக்கு ஏது உதட்டசைவு!

ஆகவே, யானா அண்ணா, ஆடியோவில் கண் தெரியாது என்று வருத்தப்பட்டீர்களே, எனக்கு கண்ணே தேவைப்படவில்லை. பழைய ஆள் ஐயா சொன்ன ஐன்லியையும் அந்தச் சிரிப்புக்குத்தான் எல்லோரும் நினைவு வைத்திருக்கிறார்கள்.

அடுத்த வாரம் அந்தச் சாவுக் கடவுளைக் கயிற்றில் கட்டி டார்டிஸுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்கள். நீலப்பெட்டி அக்கா, உங்கள் மகளுக்கு அதையும் காட்டுங்கள். ராணியாவது ஒரே வாயில் போனாள்.